ஒரு காரும் சரியில்லை

எங்கடை படலைக்குள்ளாலை ஒரு காரும் உள்ளை வரக்கூடாது. வரவிடமாட்டன். பிள்ளையார் மேலை ஆணை.

இந்த ஆணையை இட்டது ஆர் எண்டு தெரிஞ்சால் தென்மராட்சி முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கும். நான்தான். மீசாலைக் குகதாசன். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராய் இருந்து பென்சன் எடுத்த ஆள். ஆனால் சங்கக்கடைக் குகதாசன் எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ‘கார்க் குகதாசன்’ எண்டு கேளுங்கோ. ஒழுங்கை நாயே வந்து வீட்டைக் காட்டும்.

கார் வைச்சிருந்து வந்த பெயர் எண்டு நினையாதேங்கோ. என்னட்டைக் கார் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. காரைப் பற்றின அபிப்பிராயம் இருந்தது. அது ஒரு லொறி கொள்ளாத அளவுக்கு இருந்தது. ஊரிலை ஒருத்தர் கார் எடுக்கிறதெண்டால் சாத்திரியாரிட்டை நாள் கேக்க முதல் என்னட்டை வந்து சொல்லுக் கேப்பினம். நான் போய்க் கதவைத் திறப்பன். சாத்துவன். அந்தச் சத்தத்தை மட்டும் கேப்பன். பேந்து ஒரு சொல்லுத்தான். “எடு.” இல்லாட்டி, “விடு.” சனம் அதைக் கேட்டு எடுக்கும், விடும்.

இளந்தாரி வயதிலை மச்சானின்ரை மொறிஸ் மைனரிலை பழகி லைசென்சும் எடுத்தனான். பேந்து சண்டை வந்தது. பெற்றோலைப் போத்திலிலை மருந்துமாதிரி வைச்சுக்கொண்டு, கார்களை மண்ணெண்ணெயிலை ஓட்டின காலம். சண்டை முடிஞ்சுது, வீட்டுக்கு ஓடு போட வேண்டியிருந்தது. ஓடு போட்டு முடிஞ்சுது, பிள்ளையைப் படிப்பிக்க வேண்டியிருந்தது. அதுவும் முடிய, வெளியிலையிருந்து வாகனமே வரக்கூடாது எண்டு கொழும்பிலை நிப்பாட்டிப்போட்டினம். ஒவ்வொரு முறையும் கார் என்ரை மூக்குக்கு முன்னாலை வந்து, ஹோர்ன் அடிச்சுப்போட்டுத் திரும்பிப் போட்டுது.

கலியாணம் கட்டின புதிசிலை என்ரை மனிசி குணலட்சுமிக்கு ஒரு வாக்குக் குடுத்தனான்.

“குணம், ஒரு நாளைக்கு உம்மைக் காரிலை முன் சீற்றிலை இருத்தி, நானே ஓடி, காங்கேசன்துறைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவன்.”

“பஸ்ஸிலை போனாலும் கடல் அங்கைதானே கிடக்கும்?” எண்டா அவ.

அப்பிடிச் சொன்னாவே தவிர, அண்டைக்கு அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, அது பஸ்ஸிலை போறவளின்ரை சிரிப்பில்லை.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு, போன வருசம், சுவிசிலை இருக்கிற எங்கடை மகள் ஆரபி போன் எடுத்தாள்.

“அப்பா, இப்ப காரெல்லாம் திரும்ப வருதாமே. நான் வாங்கித் தாறன். உங்களுக்கு விருப்பமானதைச் சொல்லுங்கோ.”

வேறை ஆரும் எண்டால் துள்ளிக் குதிச்சிருப்பினம். நான் போனைக் குணத்திட்டைக் குடுத்துப்போட்டுக் கிணத்தடிக்குப் போய் நிண்டன்.

ஏனெண்டால் அந்தப் போனுக்குக் கொஞ்சநாள் முன்னம்தான் யாழ்ப்பாணத்திலை கண் கிளினிக்குக்குப் போயிட்டு வந்தனான். கண்ணாடி மாத்த எண்டு குணத்துக்குச் சொல்லிப்போட்டுத் தனியப் போனனான். அங்கை ஒரு பிள்ளை டொக்டர். ஆரபியின்ரை வயதுதான் இருக்கும். கண்ணுக்குள்ளை பிரஷராம். கனநாளாய்ச் சத்தம்போடாமல் இருந்து தின்னுதாம்.

“ஐயா, ரெண்டு பக்கத்துப் பார்வையும் போட்டுது. போனது இனி வராது. நடுவிலை மிஞ்சினதைக் காப்பாத்தத்தான் இந்தச் சொட்டு மருந்து. எதையும் பாக்கிறதெண்டால் முழு முகத்தையும் திருப்பிப் பாருங்கோ. வாகனம் மட்டும் இனி ஓடாதேங்கோ.”

லைசென்ஸ் இருந்த காலத்திலை கார் இல்லை. கார் வாற காலத்திலை கண் இல்லை. இதுக்கு நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது? பிள்ளையாரோடைதான் பிடிச்சன். அவர் எலியிலை போய்வாற ஆள். அவருக்கு என்ரை கவலை விளங்குமே?

குணத்துக்குச் சொல்லியிருக்கலாம்தான். நினைச்சுப் பாத்தன். கார் வேண்டாம் எண்டு நான் சொன்னால், குடுத்த வாக்கு தள்ளிப் போகும். அவ்வளவுதான். ஓடேலாது எண்டு சொன்னால் வாக்குச் செத்துப்போகும். செத்ததைத் தூக்கிக்கொண்டு போய் அவவின்ரை மடியிலை எப்பிடிப் போடுறது? எனக்கு மனம் வரேல்லை. அதோடை, கார்க் குகதாசன் எண்டு ஊர் கூப்பிட்ட வாய் நாளைக்குக் ‘கண் தெரியாத குகதாசன்’ எண்டு கூப்பிடும். அதையும் என்னாலை தாங்கேலாது.

ஆனபடியால் ஒரு திட்டம் போட்டன். எந்தக் கார் வந்தாலும் குற்றம் பிடிக்கிறது. ஒரு காரும் சரியில்லை எண்டு சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்திறது. குற்றம் பிடிக்க இந்தத் தீபகற்பத்திலை என்னை விட்டால் ஆள் ஆர்?

குணம் அடுத்த கிழமையே குருநகர் எமில்ராஜைக் கூப்பிட்டா. எமில்ராஜ் கார்த் தரகர். ரெண்டு பிள்ளையளுக்குத் தகப்பன். சாந்தமான மனிசன். அவன் முதல் கொண்டந்தது ஜேர்மன்காரன் செய்த சொகுசுக் கார். கறுப்பு. எங்கடை ஒழுங்கைக்குள்ளை அது நுழைய, ரெண்டு பக்கத்துக் கிளுவை வேலியும் மரியாதையாய் ஒதுங்கி நிண்டதுகள்.

“எப்பிடி அண்ணை?” எண்டான்.

கதவைச் சாத்தினன். ‘தொப்.’ ஐயோ, அந்தச் சத்தம்! அதைக் கேக்கிறதுக்கே ஒரு பிறவி எடுக்கலாம். நெஞ்சு உருகிப் போச்சு.

“சரியில்லை,” எண்டன்.

“என்ன சரியில்லை?” எண்டா குணம்.

“சொகுசு கூடிப்போச்சு.”

“சொகுசுக் காரிலை சொகுசு கூடாமல் புளியே கூடும்?”

“உமக்கு விளங்காது குணம். சொகுசுக் கார் எண்டது பின்னாலை இருக்கிறவனுக்கு எண்டு செய்தது. முன்னாலை இருந்து ஓடுறவன் அதிலை வேலைக்காரன். நான் ஆற்றை வேலைக்காரன்?”

குணம் என்னை மேலையும் கீழையும் பாத்தா. அதிலையே பதில் இருந்தது.

“அதோடை,” எண்டு கெதியாய்த் தொடந்தன், “உதிலை போய் இறங்கினால் கோயில்காரர் பத்துத் திருவிழாவையும் எங்கடை தலையிலை கட்டிப்போடுவினம். உது காரில்லை, உபயம் கேக்கிற ஆக்களுக்கு நாங்களே கட்டிற வரவேற்பு வளைவு.”

“ஒருக்கா ஓடிப் பாத்திட்டுச் சொல்லுங்கோவன் அண்ணை.”

“கதவிலையே எல்லாம் தெரிஞ்சுபோச்சு. கொண்டு போ.”

கொண்டு போட்டான். வெற்றி. அண்டைக்கு மத்தியானம் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கேல்லை.

ரெண்டாவது கார் சீனத்து மின்சாரக் கார். வெள்ளை. குட்டி. அது வந்து முத்தத்திலை நிண்டதே எனக்குத் தெரியாது. சத்தம் எண்டு ஒண்டு இருந்தால்தானே?

“எமில், உது காரில்லை. போனுக்குச் சில்லுப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள்.”

“நல்ல கார் அண்ணை. பெற்றோல் வரிசையிலை நிக்கத் தேவையில்லை. வீட்டிலையே சார்ஜ் போடலாம்.”

“கரண்ட் நிண்டால்? மழை இருட்டினாலே எங்கடை ஊரிலை கரண்ட் பயந்து ஓடிப்போயிடும். அதை விடு. கார் எண்டால் உறுமோணும். உறுமாத காருக்கு ஊர் நாய் எழும்புமே? சத்தம்போட்டு வாற பஸ்ஸுக்கே அதுகள் ஒரு கண்ணைத்தான் திறக்குங்கள். இதுக்கு வாலும் ஆட்டாதுகள். பேந்து உந்த ஸ்கிரீன் கண்ணாடி! காத்து வேணுமெண்டால் கண்ணாடியைத் தடவு, பாட்டு வேணுமெண்டால் கண்ணாடியைத் தடவு. மனிசன் றோட்டைப் பாக்கிறதோ, கண்ணாடியைத் தடவுறதோ? எமில், நான் சொல்லுறன் கேள். இயந்திரம் எண்டது பெருங்காயம் மாதிரி, வாசம் வந்தால்தான்...”

இப்பிடியே மின்சாரத்தைப் பற்றியும் பற்றறியைப் பற்றியும் ஒரு பிரசங்கமே செய்தன். நல்லாய்த்தான் வந்தது. முடிச்சுப்போட்டு, “என்ன, விளங்கிச்சுதோ?” எண்டு முகத்தைத் திருப்பினால், எமில்ராஜ் அங்கை இல்லை. அவன் எப்பவோ மற்றப் பக்கத்தாலை போய்க் குணத்துக்குக் காரின்ரை உள்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிக்கிறான். நான் இவ்வளவு நேரமும் தென்னை மரத்துக்கு விளக்கம் சொல்லியிருக்கிறன்.

குணம் கண்டிட்டா. கண்டுபோட்டு, ஒரு நாளும் இல்லாத மாதிரி மெல்லமாய், “பரவாயில்லை, தென்னையும் தெரிஞ்சு வைச்சிருக்கட்டும்,” எண்டு சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பினா. எமிலிட்டை என்னவோ கேட்டுக்கொண்டிருந்தா.

“உதுக்குக் கியர் மாத்தத் தேவையில்லையோ?”

“இல்லையக்கா. மிதிச்சால் போகும். விட்டால் நிக்கும்.”

“மிதிச்சால் போகும், விட்டால் நிக்கும்,” எண்டு குணம் பாடமாக்கினா. ரெண்டுபேரும் காரைத்தான் கதைக்கினமோ, என்னைத்தான் கதைக்கினமோ எண்டு எனக்கு ஐமிச்சமாய்க் கிடந்தது.

மூண்டாவதாய் வந்ததை நான் இப்பவும் கனவிலை காணுறன். யப்பான்காரன் செய்த வேகக் கார். சிவப்பு. ரெண்டே ரெண்டு சீற்று. லண்டனிலையிருந்து வந்த ஆரோ ஒருத்தர் விட்டுப்போட்டுப் போனதாம். மீசாலைச் சந்தியிலை மிதிச்சால், எச்சில் விழுங்க முதல் கொடிகாமம். நிலத்தோடை நிலமாய்ப் பதுங்கிக்கொண்டு நிண்டது.

“உது வேண்டாம். றோட்டிலை ஆடு நிக்கும், மாடு நிக்கும், ரியூசன் பிள்ளையள் நாலுபேர் அருகருகாய்ச் சைக்கிளிலை போவினம், அறுவடைக்கு நெல்லுக் காயப்போடுவினம். வேகக் காரை வைச்சுக்கொண்டு இஞ்சை என்ன செய்யிறது? வேகமாய்க் கவலைப்படலாம்.”

சொல்லுறதைச் சொல்லிக்கொண்டே ஏறி இருந்திட்டன். கால் தன்ரை பாட்டிலை ஏறினது, நான் ஏத்தேல்லை. எமில் திறப்பைத் திருப்பினான். அது உறுமிச்சுது. அந்த உறுமல் முள்ளந்தண்டுக்குள்ளாலை ஏறி என்ரை இருபது வயசைத் தட்டி எழுப்பிச்சுது. ஒழுங்கை நேராய்க் கிடந்தது. நேராய் இருக்கிறது எனக்கு வடிவாய்த் தெரியும். ஒழுங்கை முடியுமட்டும் போனால் என்ன? ஒரேயொருக்கா. ஆருக்கு என்ன நட்டம்? கியரைப் போட்டு மெல்லமாய் விட்டன். கார் ஒரு முழம் அரக்கியிருக்கும்.

குணம் வந்து முன்னாலை நிண்டா. ரெண்டு கையையும் பொனெற்றிலை ஊண்டிக்கொண்டு.

“நிப்பாட்டுங்கோ!”

நிப்பாட்டினன். இடப்பக்கத்தாலை ஞானாம்பிகை ரீச்சர் சைக்கிளிலை வந்து, காருக்கு முன்னாலை கடந்து, “என்ன குகதாசன், கார் எடுத்தாச்சோ?” எண்டு சிரிச்சுக்கொண்டு போனா. அவ முன்னுக்கு வருமட்டும் நான் அவவைக் காணவேயில்லை. குணம் நிக்காட்டி...

ஸ்ரியறிங்கைப் பிடிச்சபடி இருந்தன். கண்ணாலை தண்ணி வந்தது.

“என்னப்பா?” எண்டா குணம்.

“முதுகு பிடிச்சிட்டுது. இவங்கள் சீற்றைக் கிணத்துக்குள்ளை வைச்சிருக்கிறாங்கள். சரியில்லை. ஒரு காரும் சரியில்லை!”

இறங்கவும் ஏலாமல் போச்சு. எமில் ஒரு கையையும் குணம் மற்றக் கையையும் பிடிச்சு, வாளி தூக்கிறமாதிரித் தூக்கி வெளியிலை எடுத்தினம்.

அதுக்குப் பிறகு நாலஞ்சு மாசம் கார்க் கதை இல்லை. குணம் புதிசாய்த் திருவாசக முற்றோதலுக்குப் போகத் தொடங்கினா. காலமை வெளிக்கிட்டால் மத்தியானம்தான் வருவா. எனக்கு அது வசதியாய்ப் போச்சு. சுத்தியல், குறடு கிடக்கிற ஆயுதப்பெட்டிக்குள்ளை ஒளிச்சு வைச்ச மருந்தை எடுத்து ஆறுதலாய்க் கண்ணுக்கு விடுவன். பாதி கண்ணுக்கை, மீதி கன்னத்திலை. ஆனால் அருமையான மருந்து. எவ்வளவு விட்டாலும் போத்தில் முடியிறேல்லை. கண்ணும் தேறிக்கொண்டு வாறமாதிரித்தான் கிடந்தது. முந்தி விறாந்தையிலை குந்தியிருக்கிற மர வாங்கிலை இடிப்பன், வாளியிலை தடக்குவன். இப்ப ஒண்டிலையும் படுறேல்லை. அந்த டொக்டர்ப் பிள்ளைக்கு என்ன தெரியும் எண்டு யோசிச்சன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நம்பிக்கையும் வந்திட்டுது.

ஒருநாள் காலமை தேத்தண்ணியைக் கொண்டந்து எனக்கு நேர் முன்னாலை வைச்சுப்போட்டுக் குணம் சொன்னா:

“ஆரபியும் நானும் கதைச்சு அந்த வெள்ளைக் காரையே எடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலிலை பூசை. சில்லுக்குத் தேசிக்காய் வைச்சு, ஐயர் தீபம் காட்ட, நீங்கள்தான் ஏறி ஓடோணும்.”

“நானோ?”

“கார்க் குகதாசன் இருக்கேக்கை வேறை ஆர்?”

தேத்தண்ணி கைச்சுது. கோயில் வாசலிலை ஊரே நிக்கும். பூக்கடை, கற்பூரச்சட்டி, குழந்தைகுஞ்சு. என்னாலை ஏலாது. வயித்துக்குத்து எண்டால் கசாயம் காய்ச்சிப்போடுவா. கால் நோ எண்டால் எண்ணெய் பூசிப்போடுவா. கோயிலுக்கே போகேலாத ஒரு காரணம் வேணும். அப்பிடி ஒண்டுதான் உலகத்திலை இருக்கு. துடக்கு. பங்காளி ஒருத்தர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் கோயில் வாசல் மிதிக்கேலாது. கார்ப் பூசையும் இல்லை, தேசிக்காயும் இல்லை.

ஆனால் ஆராவது சாகோணுமே.

எங்கடை ஆக்கள் உலகம் முழுக்க இருக்கினம், உலகம் முழுக்கச் சாகினம். போனிலை மரண அறிவித்தல் பாக்காமல் ஊரிலை ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்கிறேல்லை. நானும் தேடினன். கனடா, பிரான்ஸ், ஜேர்மனி எண்டு எல்லா நாட்டுச் சவத்தையும் தட்டித் தட்டிப் பாத்தன். எல்லாரும் வேறை பகுதி ஆக்கள். எங்கடை பகுதி ஆக்கள் மட்டும் கல்லுமாதிரி இருக்கினம். பாவம், செத்தவையிலை கோவிச்சு என்ன செய்யிறது. கடைசியிலை ஒண்டு ஆப்பிட்டுது. ‘அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் நோர்வேயை வதிவிடமாகவும் கொண்ட முருகேசு வாகீசன்.’ அளவெட்டி எங்கடை அப்பரின்ரை ஊர். முருகேசு எங்கடை பூட்டனின்ரை பெயர். இதுக்கு மேலை என்ன வேணும்?

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு குசினிக்குப் போனன்.

“குணம், துடக்கு.”

“ஆர்?”

“நோர்வே வாகீசன். பங்காளி. நல்ல மனிசன். வெள்ளிக்கிழமை இனி ஏலாது.”

“எங்கை, போனைத் தாங்கோ.”

குடுத்தன். பாத்தா. கனநேரம் பாத்தா. பேந்து போனை என்ரை முகத்துக்கு நேரை பிடிச்சா.

“மேலை, இடப்பக்கத்து மூலையிலை என்ன போட்டிருக்கு?”

“என்ன போட்டிருக்கு?”

“வாசியுங்கோ.”

வாசிக்க எனக்கு இடப்பக்கம் எண்டு ஒண்டு இருந்தால்தானே? டொக்டர் சொன்னமாதிரி முழு முகத்தையும் மெல்லமெல்லமாய்த் திருப்பினன். எழுத்துகள் ஒவ்வொண்டாய் வந்தது. ‘ஓராண்டு நினைவஞ்சலி.’

“ஆள் செத்து ஒரு வருசமப்பா,” எண்டா குணம். “துடக்குக் கழிஞ்சு, ஆட்டைத் திவசமும் முடிஞ்சுது.”

அவ ஏசுவா எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். ஏசேல்லை. அடுப்பு நெருப்பை நூத்துப்போட்டு, கதிரையை இழுத்து எனக்கு நேர் முன்னாலை போட்டு இருந்தா.

“எனக்குத் தெரியும்,” எண்டா.

“என்ன தெரியும்?”

“கண்.”

மற்றக் கதிரையை இழுத்தன். நானும் இருந்திட்டன்.

“எப்ப தொடக்கம்?”

“சோத்துக் கோப்பைக்கு இடப்பக்கம் வைச்ச சம்பலைத் தொடாமல் எழும்பினியள். சம்பலை மிச்சம் விடுற ஆளே நீங்கள்? அண்டைக்கே உங்களை உத்துப் பாக்கத் தொடங்கினன். பேந்து ஆயுதப்பெட்டிக்குள்ளை மருந்தைக் கண்டன். போத்திலைக் கொண்டுபோய்க் கிளினிக்கிலை காட்டி விசாரிச்சன்.”

“அப்ப மருந்து முடியாமல் இருந்தது...”

“முடிய முடியப் புதுசு வைச்சது நான். பாதியைக் கன்னத்துக்கு விட்டால் முடியாமல் என்ன செய்யும்?”

“வாங்கு?”

“வாங்கை எடுத்துப் பின் விறாந்தையிலை போட்டன். வாளியைக் கிணத்துக்கு அங்காலை மாத்தினன். நீங்கள் நடக்கிற இடத்திலை கிடந்த எல்லாத்தையும் மாத்தினன். கண் தேறுது எண்டு நினைச்சியளோ?”

ஓம், நினைச்சன். அந்தக் கொஞ்ச நம்பிக்கையும் குசினியிலை வைச்சு, அந்த நிமிசத்திலை போட்டுது. அது போனது, கண் போனதை விட நொந்தது.

“தெரிஞ்சுகொண்டு ஏன் எமிலை அத்தினை தரம் கூப்பிட்டனீர்?”

“ஒரு கார் இல்லாட்டி ஒரு காரைக் கண்டாவது வாயைத் திறந்து எனக்குச் சொல்லுவியள் எண்டுதான். ஓடேலாது குணம் எண்டு ஒரு சொல்லு. அதுக்குத்தான் பாத்துக்கொண்டிருந்தன். நீங்கள் காரிலை குற்றம் பிடிச்சியள். கடைசியிலை ஒரு செத்த மனிசனைக் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறியள்.”

“உமக்கு வாக்குக் குடுத்தனான் குணம்...” அழுதன். கலியாணம் கட்டினதிலையிருந்து அவவுக்கு முன்னாலை நான் அழுததில்லை. குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதன். “ஊருக்குத் தெரியுமே?”

“ஊருக்கு ஏன்? எனக்கும் எமிலுக்கும் அந்தத் தென்னைக்கும்தான் தெரியும்.”

சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா. ஆனால் அவவின்ரை கண்ணாலையும் வழிஞ்சுது. நேருக்கு நேர் இருந்தபடியால் நான் அதைக் கண்டன். எனக்குப் பக்கத்திலை இருந்து எத்தினை நாள் அழுதாவோ, ஆருக்குத் தெரியும்.

லேஞ்சியை எடுத்து முதல் என்ரை முகத்தைத் துடைச்சா, பேந்து தன்ரை முகத்தைத் துடைச்சா.

“கார் உங்களுக்கு ஓட எண்டு எடுக்கேல்லை. உங்களைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக எடுத்தது. பஸ்ஸுக்கு ஓடி ஏறப்போய் நீங்கள் விழுந்தால் நான் என்ன செய்வன்?”

“அப்ப ஓடுறது ஆர்? எமிலோ?”

“வெள்ளிக்கிழமை பாப்பம்,” எண்டிட்டு அடுப்பை மூட்டினா.

வெள்ளிக்கிழமை கோயில் வாசல். வெள்ளைக் காருக்குச் சந்தனம், பொட்டு, பூமாலை. நாலு சில்லுக்கும் தேசிக்காய். எமில்ராஜ் மாதா கோயிலுக்குப் போற வேதக்கார ஆள் எண்டாலும் திருநீறு பூசிக்கொண்டு நிண்டான். ஊர் முழுக்க என்ரை முகத்தைத்தான் பாத்தது. நான் எமிலின்ரை முகத்தைப் பாத்தன். எமில் குணத்தின்ரை முகத்தைப் பாத்தான்.

“ஓடுற ஆள் ஏறலாம்,” எண்டார் ஐயர்.

குணம் சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பிலை செருகினா. செருப்பைக் கழட்டினா. வலப்பக்கக் கதவைத் திறந்து, ஸ்ரியறிங்கைத் தொட்டுக் கும்பிட்டுப்போட்டு ஏறி இருந்தா.

“எமில்! என்னடா இது?”

“அக்கா நல்லாய் ஓடுவா அண்ணை. கொடிகாமம் மட்டும் போய்வருவா. முதல் தரத்திலையே லைசென்ஸ் குடுத்திட்டாங்கள்.”

“எப்பவடா பழகினவ?”

“முற்றோதல் நேரத்திலை,” எண்டு எமில் நிலத்தைப் பாத்தான்.

“பக்கத்திலை ஏறுங்கோ,” எண்டா குணம். ஊர் பாத்துக்கொண்டு நிக்குது. கார்க் குகதாசன் தடவித் தடவி இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினான். நாலு தேசிக்காயும் ஒரே நேரத்திலை நசிஞ்சுது. ஒரு குலுக்கம் இல்லை. ஒரு இழுவை இல்லை. குற்றம் பிடிக்கலாமெண்டு ஆனமட்டும் பாத்தன். ஒண்டும் ஆப்பிடேல்லை.

“எங்கை போறம்?”

“காங்கேசன்துறைக்கு.”

அவவுக்கு எண்டு இவ்வளவு காலமும் நினைச்சு வைச்சிருந்த சீற்றிலை நான் இருக்கிறன். எனக்கு எண்டு நினைச்சு வைச்சிருந்ததிலை அவ இருக்கிறா. கடல் ஒண்டுதான் மாறேல்லை. அதை நினைக்க நெஞ்சு விம்மிச்சுது. சந்தோசமோ கவலையோ எனக்கே தெரியாது, ரெண்டும் ஒரே கண்ணாலைதான் வந்தது. உதட்டைக் கடிச்சுக்கொண்டு நேரை பாத்தபடி இருந்தன். முகத்தை இறுக்கி வைச்சிருந்தன், அவவுக்குத் தெரியக்கூடாது எண்டு.

ஒழுங்கை முடிஞ்சு பெரிய றோட்டு வந்தது.

“அப்பா, இடப்பக்கத்தாலை ஏதும் வருதோ எண்டு ஒருக்கா வடிவாய்ப் பாருங்கோ,” எண்டா குணம்.

எனக்கும் ஒரு வேலை! உயிர் வந்தமாதிரி இருந்தது. முழு முகத்தையும் யன்னல் பக்கம் திருப்பினன். கண்ணீர் மறைச்சுது. புறங்கையாலை துடைச்சுத் துடைச்சுப் பாத்தன். பேந்தும் மறைச்சுது, பேந்தும் துடைச்சன். மூக்கையும் சத்தமில்லாமல் உறிஞ்சினன். அவசரப்படேல்லை. பொறுப்பான வேலை எல்லே? கண் கொஞ்சம் காய்ஞ்ச உடனை, தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய கார்க் குகதாசனின்ரை குரலிலை உத்தரவு குடுத்தன்.

“ஒண்டும் வரேல்லை. இப்ப எடும், குணம்!”

“சந்தி கழிஞ்சு கனதூரமப்பா,” எண்டா அவ, றோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நீங்கள் அழுது முடியட்டும் எண்டுதான் அந்தப் பக்கம் பாக்கச் சொன்னனான்.”